புது ஊரில் நல்ல சின்னக் கடைகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

வேலைக்காக ஒரு ஊருக்குக் குடிபோன முதல் மாதம் முழுக்க நான் ஒரே கடையில்தான் சாப்பிட்டேன். தங்கியிருந்த அறைக்கு நான்கு கட்டடம் தள்ளி இருந்தது. கண்ணாடிக் கதவு, பெரிய பெயர்ப்பலகை, பளிச்சென்ற விளக்கு. சாப்பாடு மோசமில்லை, ஆனால் சாப்பிட்டு முடித்த அரைமணி நேரத்தில் என்ன சாப்பிட்டோம் என்பதே மறந்துபோகும். அந்தக் கடைக்குப் போகும் வழியில் எப்போதும் சாத்தியே கிடக்கிற ஒரு ஷட்டரைத் தினமும் கடந்து போவேன். ஏதோ குடோன் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் விடியற்காலையில் ரயிலைப் பிடிக்கக் கிளம்பியபோது அந்த ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே ஒரே ஒரு பெரிய அண்டா, ஆவி பறந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் நின்றபடியே கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். இரவு வேலை முடிந்து வந்தவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள். யாரும் மெனு கேட்கவில்லை, மெனுவே இல்லை. நானும் ஒரு கிண்ணம் வாங்கினேன். ரயிலில் உட்கார்ந்த பிறகும் வாயில் மிளகுக் காரம் இருந்தது. அந்தக் கடை விடியற்காலையில் திறந்து ஒன்பது மணி வரைதான் நடக்கும், அண்டா காலியானால் அதற்கு முன்பே ஷட்டர் இறங்கிவிடும் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். மாதம் முழுக்க அதன் வாசலில்தான் நடந்திருக்கிறேன். தவறான நேரத்தில்.

அதன் பிறகு எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். நல்ல சின்னக் கடை என்றால் அதற்கு ஒரு பண்டமும் ஒரு நேரமும் இருக்கும் என்பது எந்த ஊரிலும் பொய்க்கவில்லை. அந்த இரண்டையும் கண்டுபிடிக்க நான் செய்கிறவற்றைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன வட்டம்

ஊர் முழுவதையும் சுற்றாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் 15 நிமிட நடை, அவ்வளவு போதும். சாதாரண நடையில் அது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக வரும். அதற்குள் இருக்கிற தெருக்களை மூன்று வேளையில் நடந்து பாருங்கள்: காலை எட்டு மணிக்குள் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள், இரவு ஒன்பதுக்கு மேல் ஒரு நாள். அதே தெருக்கள்தான், வேளை மட்டும் வேறு. வண்டியில் போனால் இது நடக்காது. வாசனையும் சத்தமும் நடக்கிறவனுக்குத்தான் கிடைக்கும்.

அந்தந்த ஊரில் சாப்பாட்டு நேரம் எது என்பதையும் இந்த நடையிலேயே தெரிந்துகொள்ளலாம். சில ஊரில் இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கே முடிந்துவிடும், சில ஊரில் பத்து மணிக்குத்தான் தொடங்கும். ஊர் சாப்பிடும் நேரத்தில் நீங்களும் போனால் அடுப்பிலிருந்து இறக்கியது கிடைக்கும். அதற்கு இரண்டு மணி நேரம் கழித்துப் போனால், அதே கடையில் மிச்சம்தான் கிடைக்கும்.

நடக்கும்போது பெயர்ப்பலகையைப் பார்ப்பதைவிட ஆட்களைப் பாருங்கள். வேலை உடுப்போடு வந்து தனியாக உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்களா? வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவந்து வாங்கிப்போகிறவர்கள் உண்டா? வயதானவர்கள் வருகிறார்களா? இவர்கள் எல்லாம் நேற்றும் வந்தவர்கள், நாளையும் வரப்போகிறவர்கள். பெரிய சாலையின் முனையில், பயணிகள் இறங்கும் இடத்துக்கு எதிரே இருக்கிற கடைக்கு வாடகை அதிகம், வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே முறை வருகிறவர்கள். ஒருவர் திரும்ப வராவிட்டால் அந்தக் கடைக்கு உடனே நட்டமில்லை. உள் தெருவில் இருக்கிற கடை அப்படி இருக்க முடியாது. பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்கிற இருபது பேர் கோபித்துக்கொண்டால் அந்த வாரமே கல்லாவில் தெரிந்துவிடும். அதனால் சந்தை, மருத்துவமனை, கல்லூரி, நீதிமன்றம், தொழிற்சாலை வாசல் ஆகியவற்றின் பின்பக்கத் தெருக்களை விட்டுவிடாதீர்கள். கையில் நேரமும் பணமும் குறைவாக உள்ளவர்கள் தினமும் சாப்பிடுகிற இடங்கள் அவை.

காலை நடையில் எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் ஒன்று உண்டு. கடை திறப்பதற்கு முன் பின்வாசலில் என்ன இறங்குகிறது என்று பாருங்கள். மண் ஒட்டிய காய்கறிக் கூடை இறங்கினால் உள்ளே யாரோ உட்கார்ந்து நறுக்குகிறார்கள் என்று பொருள். உறையவைத்த பொட்டலங்கள் மட்டுமே பெட்டி பெட்டியாக இறங்கினால் அங்கே சூடுபடுத்தும் வேலைதான் அதிகம் நடக்கும்.

யாரிடம் கேட்பது, என்ன கேட்பது

"இங்கே எங்கே சாப்பாடு நல்லா இருக்கும்?" என்று கேட்டால் பெரிய பெயர்தான் பதிலாக வரும். வெளியூர்க்காரரை ஒரு சின்னக் கடைக்கு அனுப்பிவைத்து, அது பிடிக்காமல் போனால் சங்கடம் என்று எல்லோருக்கும் தயக்கம் இருக்கும். ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "நேத்து மதியம் எங்கே சாப்பிட்டீங்க?" இதற்கு உண்மையான பதில்தான் வரும். "வீட்டில் சமைக்காத நாளில் பிள்ளைகளுக்கு என்ன வாங்கிட்டுப் போவீங்க?" என்பதும் நல்ல கேள்வி. கேட்க வேண்டியவர்கள் அந்தத் தெருவிலேயே நாள் முழுக்க இருப்பவர்கள்: காவலாளி, முடிதிருத்துபவர், தையல்காரர், மருந்துக்கடையில் நிற்பவர், வாடகை வண்டி ஓட்டுபவர். அதிலும் வண்டி ஓட்டுபவர்கள் இரவு எத்தனை மணிக்கு எங்கே அடுப்பு எரியும் என்பதை அறிந்தவர்கள்.

பதில் கிடைத்ததும் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். அங்கே எதை வாங்குவது? எத்தனை மணிக்குப் போவது? இவற்றைக் கேட்காமல் வந்துவிட்டுக் கடை சரியில்லை என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மீன் சுடுவதில் பேர்போன கடைக்குப் போய் கோழி கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்?

ஒரு கடையில் சாப்பிட்டு மனம் நிறைந்தால், பணம் கொடுக்கும்போது அவரிடமே கேளுங்கள்: இனிப்பு சாப்பிட எங்கே போகலாம்? சமையல் தெரிந்தவர் காட்டும் இடம் பெரும்பாலும் தவறாது.

போனில் தேடும்போது

வரைபடச் செயலி நல்ல துணைதான், ஆனால் அது காட்டுகிற முதல் பத்துக் கடைகளோடு நின்றுவிடாதீர்கள். வரைபடத்தை நன்றாகப் பெரிதாக்கி ஒவ்வொரு தெருவாக நகர்த்துங்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது தெரியாத சின்னக் கடைகள் கிட்டப் போனால்தான் முளைக்கும். "உணவகம்" என்று பொதுவாகத் தேடாமல் பண்டத்தின் பெயரைப் போட்டு, அதையும் அந்த ஊர் மொழியிலும் எழுத்திலும் தட்டித் தேடுங்கள். உங்களுக்கு அந்த மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் நாலைந்து சொற்களை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வரும் பட்டியலே வேறாக இருக்கும்.

நட்சத்திர மதிப்பீட்டைப் பற்றி ஒரு விஷயம். ஹார்வர்டு பொருளாதார ஆய்வாளர் மைக்கேல் லூக்கா 2011இல், சியாட்டில் நகர உணவகங்களின் வருமானக் கணக்கை 'யெல்ப்' தளத்தின் மதிப்பீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுவதாகக் கண்டார். அந்த ஏற்றம் தனிக் கடைகளுக்குத்தான், ஒரே பெயரில் பல கிளை வைத்திருக்கும் சங்கிலிக் கடைகளுக்கு இல்லை. ஒரு நட்சத்திரத்துக்கு இவ்வளவு பணம் இருக்கும்போது, சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் வைத்து எழுதவைக்கும் ஆசை சிலருக்கு வரத்தான் செய்யும். ஆகவே ஒன்பது பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்த கடையைவிட, தொள்ளாயிரம் பேர் 4.2 கொடுத்த கடையை நான் நம்புவேன். விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி மாற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் சமையல்காரர் மாறினால் கடையே மாறிவிடும். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். அவர்கள் கோபத்திலும் இல்லை, மயக்கத்திலும் இல்லை. "இடம் நெருக்கடி, பரிமாறுபவர் சிடுசிடு, ஆனால் குழம்பு அருமை" என்று அவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு அது போதும்.

கடை போட்ட படங்களை விட்டுவிட்டு, சாப்பிட்டவர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். ஒரே பண்டம் இருபது பேர் படத்தில் வந்தால் அந்தக் கடையின் பண்டம் அதுதான். எந்த மணிக்குக் கூட்டம் என்று செயலி காட்டும் கட்டங்களையும் கவனியுங்கள், கூட்டம் ஏறத் தொடங்கும் நேரத்துக்கு அரைமணி முன்னால் போய்விடுங்கள். திறக்கும் நேரம் தவறாக இருப்பது சகஜம், போன் நம்பர் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் முறை உள்ளே போகும்போது

பசி உயிர்போகிற நேரத்தில் புதுக் கடையைச் சோதிக்க வேண்டாம். அந்தப் பசிக்கு எதுவும் ருசிக்கும், இல்லாவிட்டால் எதுவும் எரிச்சலூட்டும். பாதிப் பசியில், தனியாகவோ ஒரே ஒருவரோடோ போங்கள். உள்ளே போனதும் மெனுவை எடுப்பதற்கு முன்னால் மேசைகளைப் பாருங்கள். பாதிப்பேர் ஒன்றையே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வேறு யோசனை வேண்டாம், அதையே கேளுங்கள். அது அன்றைக்குப் பலமுறை அடுப்பேறி இறங்கியிருக்கும், தேங்கி நிற்காது.

எண்பது பண்டம் அச்சடித்த மெனுவைப் பார்த்தால் எனக்குப் பயம். எண்பதுக்கும் சரக்கு வாங்கி, எல்லாவற்றையும் புதிதாக வைத்திருக்க ஒரு சின்னச் சமையலறையால் முடியாது. கரும்பலகையில் ஐந்து எழுதி, அதில் இரண்டை அழித்திருக்கும் கடையைப் பார்த்தால் மனசு குளிரும். தீர்ந்துபோகிற அளவுக்குத்தான் சமைக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஒரு பண்டம் மட்டும், சின்ன அளவில் கேளுங்கள். இடம் கிடைத்தால் அடுப்பு தெரிகிற பக்கமாக உட்காருங்கள். கூட்ட நேரத்தில் பரிமாறுபவரை நிறுத்தி விசாரணை நடத்தாதீர்கள், கூட்டம் வடிந்ததும் அவர்களே பேசுவார்கள். சின்னக் கடைகளில் கார்டு எடுக்காமல் போகலாம், கையில் சில்லறை இருக்கட்டும். முன்பணமா, சாப்பிட்ட பிறகா, தட்டை நாமே எடுத்துவைக்க வேண்டுமா என்பதையெல்லாம் உங்களுக்கு முன்னால் வந்தவரைப் பார்த்து அப்படியே செய்யுங்கள்.

வயிற்றைக் காப்பாற்ற

ஒருமுறை ஒரு கடையில் மதியம் மூன்றரை மணிக்குப் போய், வரிசையாக வைத்திருந்த தட்டங்களிலிருந்து எடுத்துப் போட்டுச் சாப்பிட்டேன். சோறு வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதே எழுந்திருக்க வேண்டும். இரண்டு நாள் படுக்கையில் கிடந்தேன். அன்றிலிருந்து ஒரே கேள்விதான்: சூடாக இருக்க வேண்டியது கைபொறுக்காத சூட்டில் இருக்கிறதா, குளிர்ந்திருக்க வேண்டியது சில்லென்று இருக்கிறதா? உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கும் இதுதான். சூடான உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேலே, குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், சமைத்ததை அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இடைப்பட்ட வெதுவெதுப்பில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் இது இன்னும் மோசம். பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் கிடந்து, சோறு ஆறிய பிறகு முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

பொரிக்கிற கடையில் எண்ணெயைக் கவனியுங்கள். கறுத்து, கெட்டியாகி, நுரை அடங்காமல், கண்ணைக் கரிக்கும் புகை வந்தால் அது பலமுறை காய்ந்த எண்ணெய். காசு வாங்கும் கையும் உணவைத் தொடும் கையும் ஒன்றா என்றும் பாருங்கள். சுவர் பழையதாக, நாற்காலி ஆடுவதாக இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். துடைக்கிற துணி எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

பல ஊர்களில் அரசு சோதனையின் முடிவைக் கடை வாசலிலேயே ஒட்டவைக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் 1998 முதல், நியூயார்க் நகரத்தில் 2010 முதல் ஏ, பி, சி என்று எழுத்துத் தரம் உண்டு. டென்மார்க்கில் 2001 முதல் சிரித்த முகம், சுளித்த முகம் என்று படமே போட்டுவிடுகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். எது ஆகாதோ அதை அந்த ஊர் மொழியில் ஒரு அட்டையில் எழுதிச் சமையல்காரரிடமே காட்டுங்கள். கூட்டத்தில் பரிமாறுபவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

இனிப்புக் கடைகள்

இங்கே விதி கொஞ்சம் மாறும். சாப்பாட்டுக் கடைக்குக் கூட்ட நேரத்தை ஒட்டிப் போகச் சொன்னேன். இனிப்புக்கு அது செய்யப்படும் நேரம் முக்கியம், அது பண்டத்துக்குப் பண்டம் வேறு. ரொட்டியும் பன்னும் சுடுகிற கடையில் காலையில் முதல் ஈடு எப்போது இறங்கும் என்று கேளுங்கள். பல இடங்களில் பிற்பகலில் இரண்டாவது ஈடும் உண்டு, அது வெளியே தெரிவதில்லை. கிரீம் வைத்த கேக்கை அன்றைக்குச் செய்ததா என்று கேட்பதில் தவறே இல்லை. நல்ல கடைக்காரர் நேற்றையது என்றால் நேற்றையது என்றே சொல்வார், அடுத்த முறை அவரை நம்பி வாங்கலாம்.

பாலும் கிரீமும் முட்டையும் சேர்ந்தவை குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டும். பால் சேராமல் கெட்டிப் பாகில் ஊறியவையும் சர்க்கரை மிகுந்த வறண்ட இனிப்புகளும் வெளியே இருந்தாலும் தாங்கும், கிருமிக்குத் தேவையான ஈரத்தைச் சர்க்கரை பிடித்துவைத்துக்கொள்ளும். ரொட்டி இதற்கு நேர்மாறு. அறைச் சூட்டில் இருப்பதைவிடக் குளிர்ப்பெட்டியில் சீக்கிரம் வறண்டு விறைத்துவிடும். குளிர்ப்பெட்டியில் பன்னை அடுக்கிவைத்திருக்கும் கடையில் நான் பன் வாங்குவதில்லை. சாக்லேட் மேல் வெள்ளையாகப் படர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். வெப்பத்தில் கொழுப்போ, ஈரத்தில் சர்க்கரையோ மேலே வந்து படிந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும், பூஞ்சை என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஐஸ்கிரீமில் பாதி காற்றாக இருக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. கடையும்போது காற்று சேர்ந்தால்தான் அது மென்மையாகும், ஆனால் மலிவாகச் செய்ய நினைப்பவர் ஒரு லிட்டர் கலவையை இரண்டு லிட்டர் வரை உப்பவைத்துவிடலாம். வாயில் வைத்ததும் பஞ்சுபோல மறைந்து இனிப்பு மட்டும் மிஞ்சினால் அது காற்று. கரண்டியில் கனமாக உட்கார்ந்தால் கலவையில் சரக்கு இருக்கிறது. பனிக்கட்டிப் பொடி நறநறவென்று பல்லில் தட்டினால் அது ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது, மின்சாரம் போய் வந்த பெட்டியில் இப்படி ஆகும். நிறத்தையும் பாருங்கள். வாழைப்பழம் அரைத்தால் மங்கலான வெளுப்புதான் வரும், பளீர் மஞ்சள் வராது. சுவைத்துப் பார்க்க ஒரு சின்னக் கரண்டி கேளுங்கள், எந்தச் சுவையைக் கேட்பது என்று தெரியாவிட்டால் வெறும் பால் அல்லது வெனிலா. மறைக்க எதுவும் இல்லாத சுவை அது. அது நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கும்.

இன்னொன்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு எந்தத் திசையில் நடக்கிறார்கள் என்று பாருங்கள். நடுவில் கைக்குழந்தை, பின்னால் பாட்டி, அவசரமில்லாத நடை. அவர்கள் பின்னாலேயே போனால் இனிப்புக் கடை வாசலில் போய் நிற்பீர்கள். வேறொரு ஊரில் எனக்குப் பிடித்த இனிப்புக் கடையை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

இரண்டாம் முறை, மூன்றாம் முறை

ஒரே முறை போய் எந்தக் கடையையும் முடிவு கட்டாதீர்கள், வயிற்றைக் கெடுத்த கடை மட்டும் விதிவிலக்கு. இரண்டாம் முறை அதே பண்டத்தை வேறு நேரத்தில் கேளுங்கள். அன்றும் அதே ருசி இருந்தால் சமையல்காரர் கைதேர்ந்தவர். மூன்றாம் முறை, "இன்னைக்கு என்ன நல்லா வந்திருக்கு?" என்று கேளுங்கள். முகம் தெரிந்தவருக்கு அந்தக் கேள்விக்கு உண்மை கிடைக்கும்.

போனிலோ நோட்டிலோ குறித்துவையுங்கள். நான் நான்கு விஷயம்தான் எழுதுவேன்: தெரு, பண்டம், நேரம், விடுமுறை நாள். கடைப் பெயர் பல சமயம் எழுதுவதே இல்லை, பல கடைகளுக்குப் பெயரும் இருக்காது. வாரத்துக்கு ஒரு புதுக் கடை, மற்ற நாளெல்லாம் பிடித்த கடைகள் என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் பன்னிரண்டு கடை பார்த்திருப்பீர்கள். அதில் நான்கு தேறும். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, நடுராத்திரிப் பசிக்கு ஒன்று, மனசு சரியில்லாத சாயங்காலத்துக்கு இனிப்பு ஒன்று.

நான் சொன்ன அந்தச் சூப் கடையில் இரண்டாவது மாதம் ஒருநாள், தாமதமாக எழுந்து ஒன்பது மணிக்கு ஓடிப்போனேன். அண்டா கவிழ்த்துவைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கடைக்கார அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், மூடிவைத்திருந்த ஒரு கிண்ணத்தை எடுத்துவந்தார். நான் வரவில்லையே என்று எடுத்துவைத்தாராம். அதை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டுக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை ஷட்டரைப் பாதியில் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தார்.